வேலூரில் ஒரு சாவகாசமான நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு வேலூரில் இருப்பதால் வருஷம் முழுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், பிள்ளையைக் காலேஜில் சேர்க்க வருவார்கள், தங்கக்கோயிலுக்கு வருவார்கள். வந்த வேலை முடிந்ததும், "ஒரு நாள் கையில இருக்கு, பசங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போகலாம், எங்க சாப்பிடலாம்?" என்ற பேச்சு கட்டாயம் எழும். போனில் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதிவைத்திருக்கிறேன். வயிறாரச் சாப்பிட்டு, மான், மயில், மாடு என்று பார்த்து, மரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்து, பொழுது சாய்ந்ததும் திரும்புகிற ஒரு நாளுக்கான கேள்வி பதில்கள் இவை.

ஒரு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்?

இரண்டு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் சாப்பாடும் ஒரு குட்டித் தூக்கமும்.

என் நாத்தனார் குடும்பம் வந்திருந்தபோது கோட்டை, தங்கக்கோயில், வள்ளிமலை முருகன் கோயில், அமிர்தி உயிரியல் பூங்கா என்று நான்கையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என வாடகைக் கார் வைத்துக் கிளம்பினோம். அமிர்தி போய்ச் சேரும்போது சின்னவள் தோளில் தூங்கிவிட்டாள். மான் பார்க்கத்தான் அவள் ஒரு வாரமாகக் காத்திருந்தாள். ராத்திரி எழுந்து உட்கார்ந்து, "அத்தை, மான் எங்கே?" என்று கேட்டாள். மறுநாள் காலை அவளுக்காக மட்டும் இன்னொரு தடவை போய்விட்டு வந்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு இடத்துக்கு மேல் யாருக்கும் சொல்வதில்லை.

என்னைக் கேட்டால், காலையில் அமிர்தி, சாயங்காலம் கோட்டை. செவ்வாய்க்கிழமை என்றால் காலையில் பொய்கை சந்தை. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

எந்த மாதத்தில் வந்தால் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வேலூரை நாங்களே 'வெயிலூர்' என்றுதான் சொல்வோம். சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள், கடற்காற்று எட்டாத தூரம், பெரும்பாலான நாட்கள் மணலாகக் கிடக்கும் பாலாறு. பகலெல்லாம் சூடேறிய பாறை ராத்திரி வரைக்கும் அனலை விட்டுக்கொண்டிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அக்னி நட்சத்திரத்தில் வந்தே ஆகவேண்டும் என்றால் காலை 10 மணிக்குள் ஒரு சுற்று, மாலை 5 மணிக்கு மேல் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஃபேனுக்கு அடியில் படுத்திருப்பதுதான் சரி. ஆனால் நுங்கு கிடைப்பதும் அந்த வெயில் காலத்தில்தான்.

காலை டிபன்?

இட்லி, பொங்கல், பூரி, வடகறி. தனியாகத் தேடிப்போக வேண்டிய கடை என்று எதையும் சொல்லமாட்டேன். வாசலிலேயே எண்ணெய்ச் சட்டி வைத்து வடை போட்டுக்கொண்டிருக்கும் மெஸ்ஸாகப் பார்த்து உட்காருங்கள். காட்டுப்பக்கம் போகிறவர்கள் நாலு இட்லியைப் பொடி தடவி எடுத்துக்கொண்டால் பத்து மணிப் பசிக்கு ஆகும்.

அமிர்தியில் அப்படி என்னதான் இருக்கிறது?

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் அடிவாரக் காட்டில், வனத்துறை 1967-இல் தொடங்கிய சின்ன உயிரியல் பூங்கா. பரப்பளவு 25 ஹெக்டேர். வண்டலூரை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். இங்கே சிங்கமும் யானையும் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். புள்ளிமான், மயில், முதலை, முள்ளம்பன்றி, பறவைகள் என்று கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்கு இந்த இடம் பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான். ஒரு மானுக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றாலும் "அடுத்தது போகலாம்" என்று யாரும் கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள்.

நின்று பார்த்தால் எவ்வளவோ தெரியும். ஆண் புள்ளிமானின் கொம்பு வருஷத்துக்கு ஒருமுறை விழுந்து புதிதாக முளைக்கும். முளைத்துவரும்போது அதன்மேல் வெல்வெட் துணி சுற்றியதுபோல மெத்தென்ற தோல் இருக்கும். கொம்பு முற்றியதும் மரத்தில் தேய்த்துத் தேய்த்து அந்தத் தோலை உரித்துவிடும். அந்தச் சமயத்தில் போனால் கொம்பிலிருந்து நார் நாராகத் தொங்குவதைப் பார்க்கலாம். அடிபட்டுவிட்டது என்று பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். அது வளர்ச்சி என்று சொல்லிக்கொடுங்கள்.

மயில் விஷயமும் அப்படித்தான். இணை சேரும் காலம் முடிந்ததும் ஆண்மயிலின் நீளத் தோகை உதிர ஆரம்பித்துவிடும். நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் தோகை இல்லாத மயிலைப் பார்த்துவிட்டு, "யாரோ பிடுங்கிட்டாங்களா?" என்று கேட்பார்கள். யாரும் பிடுங்குவதில்லை. தானாக உதிர்ந்து, சில மாதங்களில் மறுபடி வளர்ந்துவிடும்.

முதலை வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடந்தால் அது கோபத்தில் இல்லை. உடம்பின் சூட்டை அப்படித்தான் வெளியே விடும். முள்ளம்பன்றி முள்ளை அம்பு மாதிரி எய்யும் என்று என் பாட்டி சொல்லி வளர்த்தார். எய்யாது. முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாக வந்து குத்தும். குத்தின இடத்தில் முள் கழன்று நின்றுவிடும்.

கூண்டுக்குள் எதையும் போடாதீர்கள். பொரி, பிஸ்கட், வாழைப்பழத்தோல் எதுவும் வேண்டாம். மான் பாலித்தீன் பையையும் சேர்த்தே தின்றுவிடும். அது வயிற்றை அடைத்துக்கொண்டு, எதையும் தின்ன முடியாமல் மெலிந்துபோய்ச் சாகும். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் காலி உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதுதான் அந்த மானுக்கு நாம் செய்யும் உபகாரம்.

அங்கே அருவியில் குளிக்கலாமா?

மழை பெய்திருந்தால் தண்ணீர் இருக்கும். கோடையில் வெறும் பாறைதான். தண்ணீர் இருந்தாலும் வனத்துறை அனுமதிக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். பாசி பிடித்த பாறை கண்ணாடி மாதிரி வழுக்கும். அருவிக்குத் தனியாக எதிர்பார்ப்பு வைக்காமல் போனால் நாள் நன்றாகப் போகும்.

குரங்குத் தொல்லை உண்டா?

அமிர்தியிலும் உண்டு, வள்ளிமலையிலும் உண்டு. சோளிங்கர் மலையில் அதிகம். அங்கே நரசிம்மர் கோயிலுக்கு 1305 படி; 2024-இல் ரோப் காரும் வந்துவிட்டது. கையில் கவர் தொங்கினாலே அதில் தின்பண்டம் இருக்கிறது என்று குரங்கு முடிவு கட்டிவிடும். எனவே துணிப்பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்ட பாட்டிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பல்லைக் காட்டிச் சிரித்து விளையாட்டுக் காட்டாதீர்கள், குரங்குக்குப் பல் தெரிந்தால் சண்டைக்கு அழைப்பதாக அர்த்தம். தின்னக் கொடுத்துப் பழக்கியதால்தான் அவை இப்படி ஆயின. நாம் கொடுக்காமல் இருந்தால் அவை காட்டுக்குள் போய்ப் பழம் தேடித் தின்னும்.

பிரியாணிக்கு ஆம்பூர் வரை போகவேண்டுமா?

இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. ஆம்பூர் இங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. 2019-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. சாப்பாட்டு விஷயத்தில் நாங்கள் அதை இன்னும் பிரித்துப் பார்ப்பதில்லை. பெங்களூரு பக்கம் போகிறவர்கள் என்றால் ஆம்பூரில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் வேலூரிலேயே அதே கைப்பக்குவம் கிடைக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் என்று இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கல்யாணத்துக்குக் கல்யாணம் இந்தப் பிரியாணிதான். தொழில் தெரிந்த பண்டாரிகள், அதாவது பிரியாணி சமைப்பவர்கள், எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மற்ற பிரியாணிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், முதலில் அரிசி. சீரகச் சம்பா. சீரகம் போலப் பொடியாக இருப்பதால் அந்தப் பெயர். கறியின் சாறை உறிஞ்சிக்கொண்டும் குழையாமல் நிற்கும். அடுத்தது மிளகாய். தூள் போடாமல், காய்ந்த மிளகாயை ஊறவைத்து விழுதாக அரைத்துப் போடுவார்கள். நிறம் அதில்தான் வருகிறது. மசாலா வாசனை தூக்கலாக இருக்காது, இஞ்சி பூண்டும் தயிரும் புதினாவும் கறியோடு சேர்ந்து பதமாக இருக்கும். அரிசியை முக்கால் பதம் தனியே வேகவைத்து வடித்து, கறியோடு சேர்த்து, மூடிமேல் கங்கு போட்டுத் தம்மில் விடுவார்கள்.

பகல் பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்குக் கடைக்குப் போய்ப் பாருங்கள். முதல் தேக்சா, அதாவது பிரியாணி அண்டா, திறக்கிற நேரம். மூடியின் மேலிருக்கும் சாம்பலை ஊதித் தள்ளி, ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்து, மூடியைத் தூக்கியதும் ஆவி எழுந்து பரிமாறுகிறவர் முகத்தையே மறைத்துவிடும். அவர் தட்டு வைத்து ஓரத்திலிருந்து வெட்டி எடுப்பார். நடுவில் கரண்டி விட்டுக் கிளறினால் அரிசி உடைந்துவிடும். கறி வேண்டாம், சோறு மட்டும் போதும் என்றால் 'குஸ்கா' என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

பக்கத்தில் வெங்காயத் தயிரும் கத்திரிக்காயும் வைப்பார்கள். அந்தக் கத்திரிக்காயை ஒதுக்கிவிடாதீர்கள். எள்ளும் வேர்க்கடலையும் வறுத்து அரைத்து, புளி விட்டு, எண்ணெய் மிதக்கச் சுண்டவைத்தது. பிரியாணியில் இருக்கும் கொழுப்புக்கு அந்தப் புளிப்புதான் ஈடுகொடுக்கும். அடுத்தாற்போல் ஒரு கண்டிப்பான யோசனை: பிரியாணி சாப்பிட்டவுடன் வெயிலில் எங்கும் கிளம்பாதீர்கள். ஒரு மணி நேரம் படுத்து எழுந்திருங்கள்.

நாங்கள் சைவம். எங்களுக்கு என்ன இருக்கிறது?

நிறைய. முதலில் முள்ளு கத்திரிக்காய். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைகிற ரகம். காம்பிலும் காயின் தலைப்பிலும் முள் இருக்கும், அவசரத்தில் அள்ளினால் கையில் குத்தும். 2023-இல் வேலூர் முள்ளு கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் ஊரே பெருமைப்பட்டது. பிஞ்சாகப் பார்த்து வாங்கி எண்ணெய்க் கத்திரிக்காய் செய்தால் வாயில் கரைந்துவிடும். ஓட்டலில் எல்லா நாளும் கிடைக்காது. ஊருக்குப் போகும்போது சந்தையில் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போங்கள்.

அப்புறம் கேழ்வரகு. வடாற்காட்டுக்காரர்களின் உடம்பு களியிலும் கூழிலும் வளர்ந்த உடம்பு. தள்ளுவண்டியில் கூழ் விற்பார்கள். மோர் விட்டுக் கரைத்து, பொடி வெங்காயம் போட்டு, மோர்மிளகாயும் வடகமும் தனியாகத் தருவார்கள். மதியம் லேசாகச் சாப்பிட நினைப்பவர்களுக்கு அதுவே போதும். களி, கீரைக் கடைசல் வீட்டில் கிடைத்தால்தான் உண்டு. யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள்.

கோட்டையில் பிள்ளைகளுக்கு அலுக்காதா?

வரலாற்றுப் பாடமாக ஆரம்பித்தால் அலுக்கும். எங்கள் வீட்டில் பிள்ளைகளிடம், "கோட்டைக்குள்ள எத்தனை மிருகம் இருக்குன்னு எண்ணிட்டு வாங்க" என்றுதான் சொல்லி அனுப்புவோம்.

ஜலகண்டேசுவரர் கோயிலில் நுழைந்ததும் இடதுபக்கம் கல்யாண மண்டபம். தூண் முழுக்க முன்னங்கால் தூக்கிய குதிரைகள், யாளிகள். குதிரையின் கடிவாளம், சேணம், வயிற்றுக்கு அடியில் நிற்கும் வீரன் வரை கல்லில் அவ்வளவு நுணுக்கம். பிள்ளைகள் ஒவ்வொரு தூணாகச் சுற்றிவந்து எண்ணுவதற்குள் பெரியவர்கள் நிதானமாகச் சாமி கும்பிட்டுவிடலாம். வெகுகாலம் இந்தக் கோயிலில் மூலவரே இல்லை. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தது 1981-இல்தான். அந்த நாளைப் பற்றி எங்கள் தெருப் பெரியவர்கள் இப்போதும் கண்கலங்கப் பேசுவார்கள்.

வெளியே வந்தால் அகழி. தண்ணீர் நிற்கும் அகழியோடு இருக்கும் கோட்டைகள் நம் பக்கம் குறைவு. இதில் ஒரு காலத்தில் முதலைகள் விட்டிருந்தார்கள் என்று கதை உண்டு. இப்போது மீனும், கொக்கும், நீர்க்காகமும் பார்க்கலாம். நீர்க்காகம் முங்கி எழுந்து, கல்லின் மேல் உட்கார்ந்து, இரண்டு சிறகையும் துணி காயப்போட்டதுபோல விரித்துக்கொண்டிருக்கும். அதன் இறகில் தண்ணீர் ஊறும், அதனால்தான் அப்படிக் காயவைக்கிறது. பிள்ளைகளை அகழி ஓரத்துக்குத் தனியாக விடாதீர்கள், ஆழம் அதிகம்.

வரலாறு வேண்டும் என்று அவர்களே கேட்டால் சொல்லுங்கள். கோட்டை 16-ஆம் நூற்றாண்டு, விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர் காலத்தது. திப்பு சுல்தான் இறந்தபின் அவர் குடும்பத்தை இங்கேதான் சிறைவைத்திருந்தார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் இந்தியச் சிப்பாய்கள் வெள்ளையருக்கு எதிராக எழுந்தது இந்த மதிலுக்குள்தான், 1857-க்கு அரை நூற்றாண்டு முன்னால். கோயில், மசூதி, சர்ச் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. அருங்காட்சியகமும் உள்ளேயே இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை.

சாயங்காலம் அகழியை ஒட்டிய பூங்காவிலும் புல்வெளியிலும் ஊரே வந்து உட்காரும். ஒரு பந்து எடுத்துப்போனால் போதும்.

பொய்கை சந்தைக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். செவ்வாய்க்கிழமை மட்டும். வேலூரிலிருந்து பெங்களூரு சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். விடியற்காலையிலேயே கூடிவிடும், எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள்.

மாட்டுச்சந்தை பார்க்காத பிள்ளைகளுக்கு இது மிருகக்காட்சிசாலையை விடப் பெரிய விஷயம். ஒரே இடத்தில் கறவை மாடு, கிடேரி, உழவு மாடு, கன்றுக்குட்டி, ஆடு. குளிப்பாட்டிப் பொட்டு வைத்துக் கொண்டுவந்திருப்பார்கள். கொம்பில் வண்ணம், கழுத்தில் மணி. மினிவேனிலிருந்து பலகை போட்டு இறக்கும்போது கன்று தயங்கி நிற்கும். வால் பக்கம் ஒருவர் தட்டிக்கொடுத்துத் தைரியம் சொல்வார்.

வியாபாரம் நடப்பதைப் பாருங்கள். வாங்க வந்தவர் மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணுவார். பால்பல் விழுந்து எத்தனை பெரிய பல் முளைத்திருக்கிறது என்பதை வைத்து வயசைக் கணக்குப் போடுவார். 'ரெண்டு பல்லு', 'நாலு பல்லு', 'கடை முளைச்சது' என்ற பேச்சு காதில் விழும். அப்புறம் மடியைத் தடவிப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், நெற்றியில் சுழி எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். விலை பேச ஆரம்பித்ததும் தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொள்வார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை சொல்வார்கள். வாயைத் திறக்கவே மாட்டார்கள். சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் தொகை தெரியாது. முகத்தை மட்டும் பார்க்கலாம், ஒருவர் தலையை ஆட்டுவார், இன்னொருவர் கையை உதறிக்கொண்டு நாலடி போய்த் திரும்பி வருவார்.

ஒருமுறை ஒரு பாட்டி தன் பசுவை விற்றுவிட்டுப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்ட பிறகும் கயிற்றை விடாமல் நின்றார். வாங்கினவர் அவசரப்படுத்தவில்லை. "பாத்துக்கறேம்மா, கவலப்படாத" என்றார். பாட்டி அதன் காதில் ஏதோ சொல்லிவிட்டு, தன் பழைய கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டார். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக்கூடாது என்பது வழக்கம். என் மகன் அன்று முழுக்க அந்தப் பாட்டியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான்.

மாட்டின் பின்பக்கம் நிற்காதீர்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். படம் எடுப்பதற்கு முன் மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சந்தையிலேயே மூக்கணாங்கயிறு, சலங்கை, மணி விற்கும் கடைகள் உண்டு. பிள்ளைக்கு ஒரு சின்ன மணி வாங்கிக்கொடுத்தால் ஒரு மாதம் வீடெல்லாம் ஓசை கேட்கும்.

ஜனவரியில் வருகிறோம். ஜல்லிக்கட்டு பார்க்கலாமா?

எங்கள் பக்கம் எருது விடும் விழா. மாடு விடும் திருவிழா, காளை விடும் விழா என்றும் சொல்வோம். மதுரைப் பக்கம் போல இங்கே யாரும் காளையைப் பிடித்து அடக்குவதில்லை. ஊர்த் தெருவின் இரண்டு பக்கமும் கம்பு கட்டித் தடுப்பு போட்டு, காளையை ஒரு முனையிலிருந்து விடுவார்கள். குறிப்பிட்ட தூரத்தை எத்தனை வினாடியில் கடக்கிறது என்பதுதான் கணக்கு. குறைந்த நேரத்தில் ஓடியதற்கு முதல் பரிசு. பொங்கலை ஒட்டி ஆரம்பித்து ஊர் ஊராக மார்ச் வரைக்கும் நடக்கும். ஜல்லிக்கட்டுக்காகத் தமிழக அரசு 2017-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தில் எருது விடும் விழாவும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு சொன்னது.

பிள்ளைகளோடு போகிறவர்கள் மாடியிலிருந்து மட்டும் பாருங்கள். தெரிந்தவர் வீட்டு மாடி கிடைக்காவிட்டால் போகவேண்டாம். தடுப்புக்கு உள்ளே நின்று மாட்டைத் தட்டிவிடப் பார்க்கும் இளவட்டங்கள் வருஷாவருஷம் குத்துப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஓடி முடித்த காளைக்கு அதன் சொந்தக்காரர் தண்ணீர் காட்டி, திமிலைத் தடவிக்கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதுவே பிள்ளைகளுக்குப் போதும். மாட்டுக்குப் பெயர் உண்டு. கேளுங்கள், பெருமையாகச் சொல்வார்.

தங்கக்கோயில், ஏலகிரி?

திருமலைக்கோடி ஸ்ரீபுரம் தங்கக்கோயில் 2007-இல் திறந்தது. நட்சத்திர வடிவ நடைபாதையிலேயே ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும். செல்போன் உள்ளே எடுத்துப்போக முடியாது. அரை நாள் எடுக்கும். அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

ஏலகிரிக்கு ஒரு முழு நாள் வேண்டும். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவரவர் கதையைச் சொல்லிக்கொண்டே போனால் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் வரும்போது பிள்ளைகளுக்கு மலைச்சுற்றலே மறந்துபோகும். மேலே புங்கனூர் ஏரியில் படகு விடுகிறார்கள்.

சாயங்காலம் கொறிக்க என்ன கிடைக்கும்?

மல்லாட்டை. வேர்க்கடலையை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பச்சையாகப் பிடுங்கிய மல்லாட்டையைத் தோலோடு உப்புப் போட்டு அவித்து, படி கணக்கில் பேப்பரில் சுருட்டித் தருவார்கள். சூடாக இருக்கும்போதே உரிக்க வேண்டும். ஓட்டுக்குள் நிற்கும் உப்புத்தண்ணீரை முதலில் உறிஞ்சிவிட்டுப் பருப்பைத் தின்னுங்கள்.

கோடையில் நுங்கு. வெட்டுகிறவர் அரிவாளால் மூன்றே வெட்டில் தலையைச் சீவிவிடுவார், கண்கள் மூன்றும் தண்ணீரோடு தெரியும். கட்டைவிரலால் நோண்டித் தின்பதில் இருக்கும் சுகம், சுளையாக எடுத்துப் பையில் போட்டு வாங்கினால் இருக்காது. தின்ற பிறகு வெறும் கூட்டைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கூட்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பு ஒன்றை வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி ஆகிவிடும். மழைக்காலத்தை ஒட்டி வந்தால் ஜவ்வாது மலைச் சீத்தாப்பழம் கூடை கூடையாக இறங்கும்.

ஊருக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?

ஆற்காடு மக்கன் பேடா. ஆற்காடு இங்கிருந்து கிழக்கே 25 கிலோமீட்டர், சென்னை போகும் வழி. நவாப் காலத்து இனிப்பு என்று சொல்வார்கள். குலாப் ஜாமூன்தானே என்று நினைத்து வாங்குகிறவர்கள் முதல் வாயிலேயே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கோவாவும் மைதாவும் பிசைந்து, நடுவில் முந்திரி, பாதாம், பிஸ்தா நறுக்கி வைத்து, தட்டையாக உருட்டி, பொரித்து, பாகில் ஊறவைக்கிறார்கள். அமுக்கினால் பாகு பீய்ச்சாது. வெண்ணெய் மாதிரி விண்டு வரும். அதனால்தான் மக்கன் என்ற பெயர். டப்பாவை நிமிர்த்தி வையுங்கள், பாகு ஒழுகினால் பையெல்லாம் எறும்பு.

ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறோம். ரிசல்ட் வர நாளைக்கு ஆகும். மனசு சரியில்லை. எங்காவது போகலாமா?

போங்கள். காத்திருக்கும் அறையிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் ரிசல்ட் சீக்கிரம் வந்துவிடாது. என் அப்பாவுக்கு வைத்தியம் நடந்த இரண்டு வாரத்தில் நானும் அம்மாவும் மாறி மாறி இப்படி ஒரு மணி நேரம் வெளியே போய்வந்தோம்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். நோயாளிக்கு நடக்கத் தெம்பு இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆட்டோவில் கூட்டிப்போங்கள். பூங்காவில் ஒரு மரத்தடியைப் பிடித்து உட்காருங்கள். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் உங்களைப் போலவே வங்காளத்திலிருந்தோ அசாமிலிருந்தோ வந்து காத்திருப்பவராக இருப்பார். காந்தி ரோடு, பாபுராவ் தெருப் பக்கம் அவர்களுக்காகவே மீன் குழம்பும் சோறும் போடும் கடைகள் இருக்கின்றன, பெயர்ப்பலகைகூட வங்காள எழுத்தில் இருக்கும். துணைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் பாருங்கள். நோயாளிக்கு வெளிச்சாப்பாடும் தெருவோர ஜூஸும் வேண்டாம். அவருக்கு ஆஸ்பத்திரி கேன்டீன் இட்லியும் ஒரு இளநீரும் போதும். இளநீரைக்கூட, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டபிறகு கொடுங்கள்.

ஐந்தரை மணிக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் அகழிப் பக்கம் காற்று வரும். அந்த நேரத்துக்கு மதில் கல்லில் வந்து உட்காரும் நீர்க்காகங்களை என் அம்மா தினமும் எண்ணுவார். திரும்பிப் போய் அப்பாவிடம், "இன்னைக்கு ஏழு" என்று சொல்வார்.